கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்களா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்



சில வாரங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வட்டியில்லாக் கடன் கேட்டு எங்களிடம் வந்தார். தொகை 5,500 ரூபாய். என்ன செலவு என்று கேட்டோம். மகள் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது, பாட வீடியோ ஓடவில்லை என்றார். பழுது பார்க்கக் கொண்டு போன இடத்தில், "பாய், இதுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் வேகம் வரும்" என்று சொல்லி விலையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடன் கொடுப்பதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்க்கலாமே என்று எங்களில் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவரை அனுப்பினோம். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பெட்டி அது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், பத்து வருடம் ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்க். கார்டு இல்லாததால் அது நிற்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம், ரேமையும் கூட்டினோம். மொத்தச் செலவு அவர் கேட்ட தொகையைவிடக் குறைவாகவே முடிந்தது. அந்தப் பெண் இப்போது அதே கம்ப்யூட்டரில்தான் படிக்கிறாள்.

இதே கேள்வியோடு வேறு சில குடும்பங்களும் வந்ததால்தான் இந்தக் கட்டுரை. விளையாட்டுக்காக இல்லாமல் படிப்பு, கடைக் கணக்கு, அரசு விண்ணப்பங்கள், வீடியோ அழைப்பு போன்ற அன்றாட வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு எப்போது தேவை, எப்போது தேவையில்லை, தேவையென்றால் குறைந்த செலவில் எதை வாங்கலாம் என்பதை எங்களுக்குத் தெரிந்தவரை சொல்கிறோம்.

இந்தக் கார்டின் வேலை என்ன?

திரையில் நாம் பார்க்கும் எழுத்து, படம், வீடியோ எல்லாவற்றையும் வரைந்து மானிட்டருக்கு அனுப்புவதற்கு ஒரு தனிச் சில்லு வேண்டும். முன்பு பல கம்ப்யூட்டர்களில் இதற்காகவே தனிக் கார்டு போடுவார்கள். 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 பிராசஸர்களில் இந்தச் சில்லு பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலானவற்றிலும் அப்படித்தான். ஆகவே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தனிக் கார்டு இல்லை என்றால் அது குறை அல்ல. உள்ளேயே ஒன்று இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

உள்ளே இருக்கும் இந்தச் சில்லு வேர்டு, எக்செல், டேலி, இணையம், யூடியூப், ஜூம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு மானிட்டர்களைக்கூட இணைக்கலாம். தனக்கென்று நினைவகம் இல்லாததால் கம்ப்யூட்டரின் ரேமில் ஒரு பகுதியை இது எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 8 ஜிபி ஆக்கினால், அதிலும் இரண்டு 4 ஜிபி ரேமாகச் சேர்த்துப் போட்டால், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 செப்டம்பரில் நம் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் வழியாக நம் பிள்ளைகள் பலருக்கு லேப்டாப் கிடைத்தது. இன்னும் சில வீடுகளில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலும் மற்ற சாதாரண லேப்டாப்களிலும் கிராபிக்ஸ் கார்டைப் பிறகு சேர்க்க முடியாது, சில்லு போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் மூன்று சோதனைகள்

கடைக்குப் போவதற்கு முன் இந்த மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

1. எங்கே திணறுகிறது? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு என்று வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் வேண்டும். வீடியோ ஓடும்போது ஜிபியு மட்டும் உச்சத்தில் நின்று மற்றவை குறைவாக இருந்தால்தான் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும். எங்களிடம் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வகைதான்.

2. டிரைவர் இருக்கிறதா? விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு திரை மங்கலாக, எழுத்து பெரிதாக, வீடியோ விட்டு விட்டு ஓடினால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தைப் பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், உள்ளே இருக்கும் சில்லுக்கு உரிய டிரைவர் மென்பொருள் போடப்படவில்லை என்று பொருள். கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்தோ இன்டெல், ஏஎம்டி தளத்திலிருந்தோ அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

3. சூடும் தூசியும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் நம் திருத்தணி அடிக்கடி வருவது எல்லாருக்கும் தெரிந்ததே. அதிகச் சூடானால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தறி ஓடும் வீடுகளிலும் துணிக் கடைகளிலும் பஞ்சுத் தூசி போய் மின்விசிறியை அடைத்துவிடுகிறது. காலையில் நன்றாக ஓடி மதியத்தில் நின்றுபோகும் கம்ப்யூட்டரைத் திறந்து தூசியை ஊதி எடுத்து, பிராசஸர் மேல் புதிய தெர்மல் பேஸ்ட் தடவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

யாருக்கு உண்மையிலேயே தேவை?

கீழே உள்ளவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் கார்டு வாங்குவது நியாயமான செலவு.

முதலாவது, பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லாதவர்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால், உதாரணத்துக்கு ஐ3 10100எஃப், ஐ5 12400எஃப், உள்ளே சில்லு வேலை செய்யாது. ஏஎம்டி ரைசனில் 2600, 3600, 5600 போன்றவற்றில் கிடையாது. 3200ஜி, 5600ஜி என்று ஜி எழுத்தோடு வருபவற்றில் உண்டு. விலை சற்றுக் குறைவு என்று எஃப் பிராசஸரை வாங்கிவிட்டு, பிறகு திரையில் ஒன்றும் வரவில்லையே என்று கார்டுக்குத் தனியாகச் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறோம். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் இந்த ஓர் எழுத்தைக் கவனித்தாலே கார்டுச் செலவு மிச்சம்.

இரண்டாவது, மதர்போர்டில் மானிட்டர் இணைக்கும் இடம் பழுதானவர்கள். மற்ற எல்லாம் நன்றாக இருந்து டிஸ்ப்ளே மட்டும் வராவிட்டால், மதர்போர்டு மாற்றுவதைவிட ஒரு சாதாரண கார்டு மலிவு. ஆனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் வேறொரு கார்டைப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே வந்தால் வாங்குங்கள்.

மூன்றாவது, இ-சேவை, டிடிபி, கணக்கு வேலை செய்பவர்களில் இரண்டு மூன்று மானிட்டர் வைக்க நினைத்து, அத்தனை இணைப்பு தங்கள் கம்ப்யூட்டரில் இல்லாதவர்கள்.

நான்காவது, 4கே மானிட்டரோ டிவியோ இணைப்பவர்கள். பழைய கம்ப்யூட்டரின் ஹெச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும். மவுஸ் நகர்வதே தட்டித் தட்டித் தெரியும். ஹெச்டிஎம்ஐ 2.0 உள்ள கார்டு போட்டால் 60 முறை கிடைக்கும்.

கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் வேலை, ஆர்க்கிடெக்ட் படிப்பு ஆகியவற்றுக்கு வேண்டிய கார்டுகள் வேறு. அவை இந்தக் கட்டுரையில் அடங்காது.

குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. தரத்தை மட்டும் சொல்கிறோம்.

ஜிடி 710, ஜிடி 730: கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பவை என்விடியாவின் இந்த இரண்டும்தான். பத்தாண்டுக்கும் முந்தைய வடிவமைப்பு. மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும், 710க்கு 19 வாட் போதும். பழைய மானிட்டருக்கு வேண்டிய விஜிஏ இணைப்பும் பல மாடல்களில் உண்டு. டிஸ்ப்ளே வராத கம்ப்யூட்டரை மறுபடி ஓட வைப்பதற்கு இவை போதும். ஆனால் வேகம் கூடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். யூடியூப் இன்று பெரும்பாலும் அனுப்பும் விபி9, ஏவி1 வகை வீடியோக்களை இவற்றால் தாமே கையாள முடியாது, வேலை பிராசஸர் தலையில்தான் விழும். பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருந்தால் அதுவே இவற்றுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். மேலும், இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டை என்விடியா 2024 செப்டம்பரோடு நிறுத்திக்கொண்டது.

ஜிடி 1030: அன்றாட வேலைக்கு ஒரு கார்டு அவசியம் என்று ஆகிவிட்டால் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். 2017இல் வந்தது. 30 வாட் போதும், தனி மின்கம்பி வேண்டாம். விபி9 வீடியோவைத் தானே கையாளும், 4கே திரையும் ஓட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. முதலில் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள். இதன் நினைவக வேகம் முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெட்டி ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் மேல் ஜிடிடிஆர்5 என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4தான் கிடைக்கிறது என்றால் விலை அதற்கேற்றபடி குறைய வேண்டும்.

ரேடியான் ஆர்எக்ஸ் 6400, இன்டெல் ஆர்க் ஏ310: இவை இரண்டும் 2022இல் வந்தவை. வேகம் அதிகம், விலையும் அதிகம். ஆர்க் கார்டு சரியாக ஓட வேண்டுமானால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும், அது பழைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. சாதாரண வீட்டு வேலைக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

"இது 4 ஜிபி கார்டு சார், அது 2 ஜிபிதான்" என்று சொல்லி விற்பது வழக்கம். ஜிபி என்பது கார்டில் எவ்வளவு இடம் என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லாது. 4 ஜிபி டிடிஆர்3 உள்ள 730ஐவிட 2 ஜிபி ஜிடிடிஆர்5 உள்ள 1030 பல மடங்கு மேல்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெட்டியின் அளவு: அலுவலகங்களில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவா கம்ப்யூட்டர்களில் பல ஒல்லியானவை. அவற்றுக்கு லோ புரொஃபைல் என்னும் அரை உயரக் கார்டுதான் பொருந்தும். அதற்குரிய சின்னத் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டிஃபன் பாக்ஸ் அளவில் வரும் மிகச் சிறிய மாடல்களில் கார்டு போட இடமே இல்லை.

பவர் சப்ளை: கார்டு செருகும் பெரிய ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். நாங்கள் சொன்ன கார்டுகளில் பொதுவாக எல்லாமே அதற்குள் அடங்கும். தனி மின்கம்பி கேட்கும் கார்டை யாராவது மலிவாகக் கொடுத்தாலும், பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது. மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதை நம்ப முடியாது.

மானிட்டர் இணைப்பு: புதிய கார்டுகளில் விஜிஏ இல்லை. பழைய மானிட்டர் என்றால் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில்: 30 வாட் கார்டு தினமும் 8 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 14 யூனிட்தான். பழைய விளையாட்டுக் கார்டுகளில் 150 வாட்டுக்கு மேல் எடுப்பவையும் உண்டு. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் வரம்பை நம்பி இருக்கும் குடும்பங்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் வயது: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். கார்டு போட்டாலும் இந்த நிலை மாறாது. கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய கம்ப்யூட்டரில் கார்டுக்குச் செலவு செய்வதைவிட அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, அலுவலகத்தில் கழித்த எட்டாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்குவது நல்லது.

எங்கே வாங்குவது, எப்படி ஏமாறாமல் இருப்பது?

நம் ஊரிலும் அரக்கோணத்திலும் கடைகள் உண்டு. எல்லை தாண்டி நகரிப் பக்கம் போய் வாங்குபவர்களும் உண்டு. ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் வகைகள் அதிகம், விலையும் கடைக்குக் கடை மாறும். மூன்று கடையிலாவது கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். சில நூறு ரூபாய் மிச்சம் என்று தூரத்தில் வாங்கிய பொருள் பழுதானால், வாரண்டிக்காக மறுபடி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வித்தியாசம் குறைவு என்றால் அருகில் உள்ள கடையே மேல்.

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் கார்டின் முழுப் பெயர், நினைவக வகை, சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வெறும் "கிராபிக்ஸ் கார்டு 2 ஜிபி" என்று எழுதிய சீட்டு வாரண்டிக்கு உதவாது. வாரண்டி கம்பெனி தருவதா, கடை தருவதா, எத்தனை ஆண்டு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு வரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்டுகளில் போலிகள் உண்டு. 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சில்லை வைத்து, புதிய பெயரைக் காட்டும்படி உள்ளே மாற்றி விற்கிறார்கள். விண்டோஸிலும் புதிய பெயரே தெரியும். ஜிபியு இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால், போலி என்று அது கண்டுகொண்ட கார்டின் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று காட்டும். பழைய கார்டு வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கிரிப்டோ நாணயம் எடுப்பதற்காக இரவு பகலாக ஓட்டிய கார்டுகளும் சந்தையில் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகள் தேவையில்லை என்று ஆன பிறகு, அப்படி ஓடிய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. தோற்றத்தில் புதிதுபோல் இருக்கும். மின்விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். அரை மணி நேரமாவது வீடியோ ஓட விட்டுத் திரையில் கோடு, புள்ளி வருகிறதா என்று பாருங்கள். வாரண்டி இல்லாத பழைய கார்டை அன்றாட வீட்டு வேலைக்கு வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பொருத்திய பிறகு மானிட்டர் கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்து, புதிய கார்டில் செருக வேண்டும். கார்டு வாங்கியும் மாற்றம் இல்லையே என்று வந்த ஒருவர் வீட்டில் கம்பி பழைய இடத்திலேயே இருந்தது.

கடைசியாக

பழுது பார்க்கும் சகோதரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் உதவியால்தான் நாங்களும் கற்றுக்கொண்டோம். ஆனால் காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. "இந்தக் கார்டு போட்டால் என் கம்ப்யூட்டரில் எது சரியாகும்? அதை எனக்குக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுவார். பதில் சொல்லத் தயங்கினால் அன்று வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு என்றால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, கடன் வாங்கியாவது செய்துவிடுகிறோம். அதனாலேயே அந்தப் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரின் மாடல் பெயரையும் டாஸ்க் மேனேஜர் திரையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கார்டுதான் வேண்டும் என்று தெரிந்தால் எந்தக் கார்டு என்று ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அந்தத் தாளோடு கடைக்குப் போகலாம்.